ஊசிக்குள் இருப்பது எந்தச் செல்? ஐபிஎஸ் செல் சிகிச்சை பற்றி ஓர் எளிய விளக்கம்

தோலின் செல்லிலும் மூளையின் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அத்தனையும் இரண்டிலும் உண்டு. இன்சுலினுக்கான மரபணு கண்ணின் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது மூடிக் கிடக்கிறது. கணையத்தின் பீட்டா செல்லில்தான் திறந்து வேலை செய்கிறது. எந்தெந்த மரபணுக்கள் திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்ற அமைப்பே ஒரு செல்லின் அடையாளம்.

கரு வளரும்போது இந்த அமைப்பு படிப்படியாக இறுகுகிறது. தேவைப்படாத மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுக்கள் ஒட்டுகின்றன. டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி நெருக்கமாகச் சுருண்டுகொள்கிறது. செல் பிரியும்போது இந்த ஏற்பாடு அப்படியே இரண்டு புதிய செல்களுக்கும் போய்ச் சேருகிறது. அதனால்தான் கல்லீரல் செல் எத்தனை முறை பிரிந்தாலும் கல்லீரல் செல்லாகவே இருக்கிறது.

இந்த இறுக்கம் ஒருவழிப் பாதை என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1962-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜான் கர்டன் வெளியிட்ட தவளை ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, தன் உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகள் இயல்பான தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. குடல் செல்லின் உட்கருவில் ஒரு முழு உடலுக்கான தகவலும் அழியாமல் இருந்தது. முட்டைக்குள் இருந்த ஏதோ ஒன்று அதை மறுபடி திறந்துவிட்டது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதற்கு விடை கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின.

2006-இல் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் அதைச் சுருக்கமான ஒரு பட்டியலாக்கினார்கள். கரு நிலைச் செல்களில் மும்முரமாக வேலை செய்யும் 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, எலியின் தோல் செல்களுக்குள் ஒன்றாகச் செலுத்தினார்கள். சில செல்கள் கரு நிலைக்குத் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக ஒரு மரபணுவை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எதை விட்டால் வேலை நின்றுபோகிறதோ அது தேவையானது. கடைசியில் மிஞ்சியவை நான்கு: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். இவை நான்கும் டிஎன்ஏ மீது நேரடியாகப் போய் அமர்ந்து மற்ற மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் செய்யும் புரதங்களை உண்டாக்குபவை. 2007-இல் மனிதச் செல்களிலும் இது நடந்தது. 2012-இல் கர்டனுக்கும் யமனாகாவுக்கும் சேர்த்து மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிப் பின்னோக்கித் திருப்பப்பட்ட செல்லுக்குத்தான் ஐபிஎஸ் செல் என்று பெயர்: தூண்டுதலால் பன்திறன் பெற்ற ஸ்டெம் செல், அதாவது பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். அதற்கு இரண்டு குணங்கள். ஒன்று, உடலின் எந்தச் செல் வகையாகவும் மாற முடியும். இரண்டு, மாறாமலே காலவரையின்றிப் பிரிந்துகொண்டே இருக்க முடியும். சிகிச்சையாளருக்கு முதல் குணம் வரம். இரண்டாவது வரமும் ஆபத்தும் சேர்ந்தது. கோடிக்கணக்கான செல்களை வளர்க்க உதவுவதும் அதுதான், உடலுக்குள் தவறிப் போனால் கட்டியாக வளர்வதும் அதுதான். இந்தத் துறையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, நோயாளியின் உடலுக்குள் போகும் ஊசியில் எந்தச் செல் இருக்கிறது, எது இல்லை என்பதை உறுதிசெய்வதற்காகவே நடக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இரத்தத்திலிருந்து ஐபிஎஸ் செல் வரை

தொடக்கப் பொருளாகத் தோலில் ஒரு சிறு துணுக்கோ, சுமார் 10 மில்லி இரத்தமோ போதும். இப்போது பெரும்பாலும் இரத்தமே. காயம் இல்லை, தோலைப் போல வெயில் பட்டு டிஎன்ஏ பழுதாகியிருக்கும் கவலையும் குறைவு. இரத்தத்தை அடர்த்தி மிக்க ஒரு திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, சுழற்சிப் பொறியில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கும். உட்கருவுள்ள ஒற்றைக்கரு வெள்ளையணுக்கள் நடுவே மெல்லிய வெண்படலமாக நிற்கும். அந்தப் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அதில் மிகுதியாக இருப்பவை டி லிம்போசைட்டுகள் (டி செல்கள்) என்ற வெள்ளையணுக்கள். வளர்ப்பதற்கு எளியவை, ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கிருமிகளை அடையாளம் காண்பதற்காக அவை தம் டிஎன்ஏவின் ஒரு பகுதியை ஏற்கெனவே வெட்டி ஒட்டி மாற்றியிருக்கும். அவற்றிலிருந்து வரும் ஐபிஎஸ் செல்லும் அந்த வெட்டைச் சுமந்தே வரும். எனவே பொதுப் பயன்பாட்டுக்கு, அரிதாக இருக்கும் இரத்த முன்னோடி செல்களைத் தனி வளர்ச்சிக் காரணிகள் கொடுத்து ஒன்றிரண்டு வாரம் பெருக்கி, அவற்றையே பயன்படுத்துவது நல்லது.

அடுத்தது, யமனாகா கண்ட நான்கு மரபணுக்களை, அதாவது காரணிகளை, செல்லுக்குள் கொண்டுபோவது. தொடக்கத்தில் ரெட்ரோவைரஸைப் பயன்படுத்தினார்கள். அது சுமந்துவரும் மரபணுவை செல்லின் குரோமோசோமுக்குள் கண்ட இடத்தில் செருகிவிடும்; பிறகு எடுக்க வழியில்லை. நான்கில் சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. தொடக்கக் காலத்தில் ஐபிஎஸ் செல்களிலிருந்து பிறந்த எலிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி வந்தது. செருகப்பட்ட சி-மிக் மறுபடி விழித்துக்கொண்டதே காரணம். இன்று இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. சென்டாய் வைரஸ் ஆர்என்ஏ வைரஸ். செல்லின் உட்கருவுக்குள் நுழையாமல் வெளியிலேயே இருந்து வேலை செய்யும். செல்கள் பலமுறை பிரியும்போது நீர்த்து மறைந்துவிடும். எபிசோமல் பிளாஸ்மிட் என்பது குரோமோசோமோடு சேராமல் தனி வளையமாக நிற்கும் டிஎன்ஏ. அதுவும் காலப்போக்கில் தொலைந்துபோகும். 'மறைந்துவிடும்' என்று நம்பிக்கொண்டு நிற்கக் கூடாது. பத்து முறை புதிய தட்டுக்கு மாற்றி வளர்த்த பிறகு, மரபுப் பொருளின் சிறு தடயத்தையும் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்து, மிச்சம் இல்லை என்று காட்டிய செல்வரிசையை (ஒரே மூலத்திலிருந்து வளர்ந்த செல் கூட்டத்தை) மட்டுமே அடுத்த கட்டத்துக்கு எடுக்க வேண்டும்.

காரணிகள் உள்ளே போனதும் எல்லாச் செல்களும் திரும்பிவிடுவதில்லை. யமனாகாவின் முதல் முறையில் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. முறைகள் மேம்பட்ட பிறகும் பெரும்பாலான செல்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன அல்லது இறந்துவிடுகின்றன. மூன்று நான்கு வாரங்களில் தட்டில் சிறு திட்டுகள் தெரியும். நல்ல திட்டு தட்டையாக, நெருக்கமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். அதில் ஒவ்வொரு செல்லிலும் உட்கருவே பெரும் இடத்தைப் பிடித்திருக்கும். விளிம்பு கலைந்து, நடுவே குவிந்து கருத்துப் போயிருந்தால் அது அரைகுறையாகத் திரும்பியது. நுண்ணோக்கியின் கீழ் நல்ல திட்டுகளைக் கையால் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் செல்வரிசையாக வளர்க்கிறார்கள். ஒரே ஆளிடமிருந்து வந்தாலும் இரண்டு செல்வரிசைகள் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. ஒன்று இதயச் செல்லாக அருமையாக மாறும்; இன்னொன்று மறுக்கும். பல வரிசைகளை எடுத்து ஒப்பிடுவது கட்டாயம்.

வளர்ப்பில் தவறுபவை

37 டிகிரி செல்சியஸ், 5% கார்பன் டைஆக்சைடு, செல்கள் ஒட்டிக்கொள்ள லேமினின் அல்லது விட்ரோனெக்டின் என்ற புரதம் பூசிய தட்டு, பெரும்பாலும் தினமும் மாற்ற வேண்டிய ஊடகம் (செல்களுக்கு உணவான திரவம்). இவை அடிப்படை. ஐபிஎஸ் செல்கள் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்து நாளில் ஆயிரம் மடங்கு. தட்டில் 70 முதல் 80 விழுக்காடு இடம் நிறைந்ததும் பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் கழிவு அமிலம் சேர்ந்து, நெரிசலில் செல்கள் தாமாகவே வேறு வகையாக மாறத் தொடங்கும்.

பிரிக்கும்போதுதான் புதியவர்கள் மொத்தத் தட்டையும் இழக்கிறார்கள். மனித ஐபிஎஸ் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தால், அண்டைச் செல்லோடு தொடுகை அறுந்த அதிர்ச்சியில் அவற்றின் உட்சட்டகம் மிகையாகச் சுருங்கி, பெரும்பாலானவை இறந்துவிடும். அந்தச் சுருக்கத்தைத் தூண்டும் ராக் என்ற நொதியைத் தடுக்கும் ஒய்-27632 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முதல் 24 மணி நேரம் சேர்த்தால் பிழைக்கும். அல்லது 0.5 மில்லிமோலார் இடிடிஏ கரைசலால் மெதுவாகத் தளர்த்தி, சிறு கொத்துகளாகவே மாற்றலாம். கொத்துகள் மிகப் பெரிதாக இருந்தால் நடுப்பகுதி தானாக மாறத் தொடங்கும். மிகச் சிறிதாக இருந்தால் ஒட்டாமல் சாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கான செல்கள் ஓயாமல் பிரியும் இடத்தில் அவ்வப்போது டிஎன்ஏ பிழை நேர்ந்தே தீரும். பெரும்பாலான பிழைகள் செல்லைப் பலவீனமாக்கி மறைந்துபோகும். ஆனால் சாவிலிருந்து தப்ப உதவும் பிழை ஒன்று வந்துவிட்டால், அந்தச் செல்லின் வாரிசுகள் சில வாரங்களில் தட்டு முழுவதையும் பிடித்துவிடும். அடிக்கடி காணப்படுவது 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு சிறு துண்டு இரட்டிப்பது. செல் தற்கொலையைத் தடுக்கும் பிசிஎல்2எல்1 என்ற மரபணு அதில்தான் இருக்கிறது. 1, 12, 17, எக்ஸ் குரோமோசோம்கள் கூடுதலாகச் சேர்வதும் வழக்கம். 2017-இல் 140 மனிதக் கருநிலை ஸ்டெம் செல்வரிசைகளை (கருவிலிருந்தே எடுத்த, ஐபிஎஸ் செல்லைப் போன்றவை) ஆராய்ந்தபோது, ஐந்தில் டிபி53 மரபணுவில் மாற்றங்கள் இருந்தன. புற்றுநோயைத் தடுக்கும் முதன்மைக் காவல் மரபணு அதுவே.

செல்கள் வழக்கத்தைவிட வேகமாக, முரண்டு பிடிக்காமல் வளரத் தொடங்கினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். குரோமோசோம்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் வழக்கமான சோதனையில் சுமார் 20 செல்களைத்தான் எண்ணுவார்கள். நூற்றில் இரண்டு மூன்று செல்களில் மட்டும் பிழை இருந்தால் அது தப்பிவிடும். 20-ஆம் குரோமோசோமின் அந்தச் சிறு துண்டு இரட்டித்திருப்பதும் இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். அதற்குத் தனி டிஎன்ஏ சோதனை வேண்டும். தொடக்கத்திலேயே நூற்றுக்கணக்கான குப்பிகளை உறைய வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த வங்கியிலிருந்தே புதிதாக எடுத்து, குறைந்த தலைமுறைகளுக்குள் வேலையை முடிப்பதுதான் சிறந்த பாதுகாப்பு. மைக்கோபிளாஸ்மா என்ற சிற்றுயிர் புகுந்தாலும் ஊடகம் கலங்காது, கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் முறையான இடைவெளியில் சோதனை தேவை.

வேண்டிய செல்லாக மாற்றுவது

ஐபிஎஸ் செல்லை அப்படியே யாருக்கும் செலுத்துவதில்லை. அதை முதலில் இதயத் தசையாகவோ நரம்பாகவோ மாற்ற வேண்டும். கருவில் அந்த உறுப்பு உருவாகும்போது எந்த வேதிச் சைகை எந்த நாளில் வருகிறதோ, அதே வரிசையைத் தட்டில் திரும்ப நடத்துவதே இதன் தத்துவம். இதயத் தசை நல்ல எடுத்துக்காட்டு.

தட்டு ஏறத்தாழ நிறைந்திருக்கும் நாளை 0 என்று கொள்வோம். அன்று சிஹெச்ஐஆர்99021 என்ற சிறு மூலக்கூறு. அளவு செல்வரிசையைப் பொறுத்து 6 முதல் 12 மைக்ரோமோலார். இது டபிள்யூஎன்டி என்ற சைகைப் பாதையைத் திறந்து, செல்களை நடுப்படலத்தை (கருவில் தசை, இதயம், இரத்தம் உருவாகும் அடுக்கை) நோக்கித் தள்ளும். மூன்றாம் நாள் அதற்கு நேர் எதிராக, அதே பாதையை ஐடபிள்யூபி2 என்ற மூலக்கூறு கொண்டு மூட வேண்டும். முதலில் திறந்த கதவைச் சரியான நேரத்தில் மூடினால்தான் நடுப்படலம் இதயத்தின் பக்கம் திரும்பும். முதல் ஒரு வாரம் ஊடகத்தில் இன்சுலின் இருக்கக் கூடாது. அது இதயத் திசையைத் தடுக்கும். எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் தட்டில் செல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கும்.

துடிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அடர்த்தி. செல்கள் குறைவாக இருந்தால் சிஹெச்ஐஆர் நச்சாகி அவை உதிரும். மிகுந்தால் சைகை எல்லாவற்றையும் எட்டாது. அடுத்தது அளவு. ஒரு செல்வரிசைக்கு 6 பொருந்தும், இன்னொன்றுக்கு 10 வேண்டும். பல சிறு குழிகள் கொண்ட தட்டில் ஒரே நேரத்தில் நான்கைந்து அளவுகளைச் சோதித்துப் பார்க்காமல் பெரிய அளவில் இறங்குவது பொருளையும் நேரத்தையும் வீணாக்கும்.

துடித்தாலும் அது வயது வந்தவரின் இதயச் செல் அல்ல. கருவில் உள்ள இதயச் செல்லைப் போன்றது. தசை நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது, விசை குறைவு, தானாகத் துடிக்கும் பழக்கமும் போயிருக்காது. குரங்குகளின் இதயத்தில் இவற்றைச் செலுத்தியபோது, ஒட்டிக்கொண்ட செல்கள் தம் சொந்தத் தாளத்தில் துடித்து, சில வாரங்களுக்கு இதயத் துடிப்பைச் சீர்குலைத்தன. முதிர்ச்சியின்மை என்பது இந்தத் துறையில் தீராத தலைவலி.

களைச் செல்கள்

மாற்றம் ஒருபோதும் நூற்றுக்கு நூறு நடப்பதில்லை. சில செல்கள் வேறு வகையாகிவிடும். மிகச் சில செல்கள் மாறாமல் ஐபிஎஸ் நிலையிலேயே தங்கிவிடும். நாற்றங்காலில் கலந்த களை விதை போல, ஆரம்பத்தில் வேறுபாடு தெரியாது, பிறகு வளர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மாரடைப்பில் நூறு கோடி இதயத் தசைச் செல்கள் வரை அழியக்கூடும். அதை ஈடுகட்ட நூறு கோடி செல்களைச் செலுத்துகிறோம், அவற்றின் தூய்மை 99.999% என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையான எண். ஆனால் மீதி 0.001% என்பது 10,000 செல்கள். அத்தனையும் மாறாத ஐபிஎஸ் செல்கள் என்றால், டெரட்டோமா என்ற கட்டி உண்டாக அது போதுமானதாக இருக்கலாம். முடி, எலும்பு, குடல் திசு என எல்லாம் கலந்து வளரும் கட்டி அது.

அளவிடும் கருவிக்கும் எல்லை உண்டு. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னே ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை ஆயிரத்தில் ஒன்று வரை பார்க்கும். ஐபிஎஸ் செல்களில் மட்டும் மிகுதியாக இருக்கும் லின்28 மரபணுவின் ஆர்என்ஏவைத் தேடும் முறை, விழித்திரைச் செல்களில் 0.002% வரை, அதாவது 50,000-இல் ஒன்று வரை கண்டுபிடித்திருக்கிறது. 'எதுவும் காணப்படவில்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்த முறையில், எந்த எல்லை வரை தேடினார்கள் என்று அடுத்த கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். அதன்பின் நீங்கள் தொடக்கநிலை வாசகர் அல்ல.

களையெடுக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதயச் செல்களுக்கான பட்டினி முறை. ஐபிஎஸ் செல்கள் குளுக்கோஸை நம்பியே வாழ்பவை. இதயத் தசையோ லாக்டேட்டை எரித்தும் வாழும். குளுக்கோஸை நீக்கி லாக்டேட் மட்டும் உள்ள ஊடகத்தில் சில நாட்கள் வைத்தால் மாறாத செல்கள் செத்துப்போகும், இதயச் செல்கள் பிழைக்கும். மருந்தும் இல்லை, கருவியும் இல்லை. இதயச் செல்லின் இயல்பையே வடிகட்டியாக்கிய வழி அது.

நோயாளிகளிடம் இதுவரை

முதல் மனிதச் சோதனைக்குக் கண்ணைத் தேர்ந்தெடுத்தது அறிவார்ந்த முடிவு. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலத்துக்குத் தேவைப்படும் செல்கள் மிகக் குறைவு. அவை கருநிறமாக இருப்பதால் கண்ணாலேயே இனம் காணலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே படம் எடுத்துப் பார்க்கலாம். 2014 செப்டம்பரில் ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி குழுவினர், வயது சார்ந்த மாகுலர் சிதைவு (விழித்திரையின் மையப் பகுதி பழுதாகிப் பார்வை மங்கும் நோய்) கொண்ட ஒரு முதிய பெண்ணுக்கு அவருடைய தோலிலிருந்தே உருவாக்கிய படலத்தை வைத்தார்கள். அளவு 1.3 மி.மீ.க்கு 3 மி.மீ. ஓராண்டுக்குப் பின் படலம் ஒட்டி நிலைத்திருந்தது, கட்டி இல்லை. பார்வை கூர்மையடையவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குச் செல்கள் தயாரான பிறகு, அவற்றில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் செலுத்தாமல் நிறுத்திவிட்டார்கள். தயாரான சிகிச்சையை நோயாளியின் வாசல் வரை கொண்டுவந்த பிறகு கைவிடுவது எளிதல்ல. அந்த முடிவுதான் இத்துறைக்கு நம்பகத்தன்மை தந்தது என்று கருதுகிறேன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல் செய்வது மாதக்கணக்கில் இழுக்கும். சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து. அதனால் கியோத்தோவின் ஐபிஎஸ் ஆய்வு மையமான சிரா, திசுப் பொருத்தம் எளிதாக அமையும் கொடையாளர்களைத் தேடி இருப்பு வங்கி அமைத்தது. திசுவை அடையாளம் காட்டும் ஹெச்எல்ஏ மரபணுக்களில் தாய் வழியும் தந்தை வழியும் ஒரே வகையாக அமைந்த அரியவர்கள் இவர்கள். அத்தகைய நான்கு பேரின் செல்களே ஜப்பானியரில் சுமார் 40 விழுக்காட்டினருக்குப் பொருந்தும்.

அந்த இருப்பிலிருந்து வந்த செல்களே பார்க்கின்சன் சோதனையிலும் பயன்பட்டன. உடல் இயக்கத்தைப் பாதிக்கும் இந்நோயில், டோபமின் என்ற சைகைப் பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் அழிகின்றன. மாற்றாகச் செலுத்துவது முதிர்ந்த நரம்பு செல்லை அல்ல. கிளை விட்ட நரம்பு செல்லைத் தட்டிலிருந்து பிரித்தாலே அறுந்து சாகும். எனவே இன்னும் கிளை விடாத முன்னோடிச் செல்லைச் செலுத்தி, மூளைக்குள்ளேயே முதிர விடுகிறார்கள். அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் கோரின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துப் பிரித்தெடுப்பது கியோத்தோ குழுவின் வழி. 2025 ஏப்ரலில் வெளியான முடிவுகளின்படி 50 முதல் 69 வயது வரையிலான ஏழு பேர் சிகிச்சை பெற்றார்கள். இரண்டு ஆண்டுகளில் தீவிரப் பக்கவிளைவு இல்லை, கட்டி வளர்ச்சி இல்லை. பயன் மதிப்பிடப்பட்ட ஆறு பேரில் நான்கு பேருக்கு, மருந்தின் வேலை இல்லாத நேரத்தில் எடுத்த இயக்க மதிப்பெண் மேம்பட்டது. மூளைப் படத்தில் டோபமின் உற்பத்தி கூடியதும் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சோதனை இது என்பதை மறக்கக் கூடாது. மருந்தே இல்லாத போலி மாத்திரைக்கும் நன்கு முன்னேறும் நோய்களில் பார்க்கின்சனும் ஒன்று. படத்தில் தெரிந்த டோபமின்தான் என்னை நம்ப வைப்பது.

முதல் வகை நீரிழிவில் முடிவுகள் இன்னும் தெளிவு. இங்கே அளவுகோல் இன்சுலின் ஊசி தேவையா இல்லையா என்பது, ஏமாற வழியில்லை. வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், ஐபிஎஸ் செல்லுக்குப் பதில் கருநிலை ஸ்டெம் செல்களிலிருந்து, இன்சுலின் சுரக்கும் தீவுத் திசுவை (கணையத்தில் தீவுகள்போல் இருக்கும் செல் கொத்துகளை) உருவாக்கி, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்தியது. 2025-இல் வெளியான முடிவில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். சீனாவின் தியான்ஜின் நகரில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய செல்களையே வேதிப் பொருட்களால் மட்டும் ஐபிஎஸ் நிலைக்குத் திருப்பி, தீவுத் திசுவாக்கி, வயிற்றுத் தசை உறைக்கு அடியில் வைத்தார்கள். 75-ஆம் நாளிலிருந்து அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அவர் முன்பே கல்லீரல் மாற்று செய்துகொண்டவர்; எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை ஏற்கெனவே உட்கொண்டுவந்தார். முதல் வகை நீரிழிவு என்பதே உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த பீட்டா செல்களைத் தாக்கும் நோய். சொந்தச் செல்லாலேயே செய்திருந்தாலும் அந்தத் தாக்குதல் மறுபடி வரும். ஆகவே அந்த மருந்து இல்லாமல் திசு தாங்கியிருக்குமா என்பதை இந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த அடக்கி மருந்துகள் லேசானவை அல்ல. தொற்று நோய்களுக்கும் சிலவகைப் புற்றுநோய்களுக்கும் கதவைத் திறப்பவை. இன்சுலின் ஊசியோடு ஓரளவு நலமாக வாழும் ஒருவர், அதை விடுவதற்காக இவற்றை வாழ்நாள் முழுவதும் ஏற்பது பல நேரங்களில் நட்டமான பேரம். அதனால்தான் இத்தகைய சோதனைகளில், எச்சரிக்கை அறிகுறியே தெரியாமல் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குபவர்களைச் சேர்க்கிறார்கள். மாற்று வழியாக, செல்லின் மேற்பரப்பில் அடையாள அட்டையாக நிற்கும் ஹெச்எல்ஏ புரதங்களை மரபணு வெட்டால் நீக்கும் முயற்சிகள் நடக்கின்றன. பி2எம் என்ற ஒரே மரபணுவை நீக்கினால் முதல் வகுப்பு ஹெச்எல்ஏ முழுவதும் மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடும். டி செல் கண்டுகொள்ளாது. ஆனால் அட்டையே இல்லாத செல்லைத் தேடிக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்களும் நம்மிடம் உண்டு. அவற்றைத் தடுக்க ஹெச்எல்ஏ-ஈ அல்லது சிடி47 போன்ற புரதத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இன்னொரு கவலையும் உண்டு: எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாத செல் ஒன்று புற்றுநோயாக மாறினால், அதைத் தடுக்கவும் உடலில் ஆளிருக்காது.

அதே பெயரில் விற்கப்படும் வேறொன்று

'ஸ்டெம் செல் ஊசி' என்று மூட்டு வலி முதல் ஆட்டிசம் வரை விளம்பரப்படுத்தப்படுவது மேலே சொன்ன எதுவும் அல்ல. பெரும்பாலும் அது வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எலும்பு மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, சில மணி நேரத்தில் திரும்பச் செலுத்தும் கலவை. அதில் எத்தனை வகைச் செல்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதே பல இடங்களில் எண்ணப்படுவதில்லை. கொழுப்பிலிருந்து எடுத்த செல் விழித்திரைச் செல்லாகவோ மூளைச் செல்லாகவோ மாறி ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மாகுலர் சிதைவு கொண்ட மூன்று பெண்களுக்கு இத்தகைய கொழுப்புச் செல் கலவையை இரண்டு கண்களிலும் செலுத்தியதில் அவர்கள் பார்வையைக் கடுமையாக இழந்தார்கள். 2017-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது. 2014-இல் கோபேயில் நடந்ததோடு ஒப்பிடுங்கள். அங்கே ஒரு கண்ணில் மட்டும், மாதக்கணக்கில் சோதித்த படலம். ஐயம் வந்தபோது நிறுத்தினார்கள். இங்கே ஒரே நாளில் இரண்டு கண்களிலும்.

இரத்தப் புற்றுநோய்க்கான எலும்பு மஜ்ஜை மாற்று, தீப்புண்ணுக்கு வளர்த்த தோல், கருவிழி ஓரச் செல் மாற்று போன்றவை இதிலிருந்து வேறு. அவை நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள். புதிதாக யாராவது ஒரு சிகிச்சையை உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ முன்வைத்தால், கேட்க வேண்டியவை சில. எந்த வகைச் செல், எதிலிருந்து எடுத்தது, எப்படி மாற்றியது? ஒரு ஊசியில் எத்தனை செல்கள், அவற்றில் உயிரோடு இருப்பவை எத்தனை விழுக்காடு? மாறாத செல்களை எந்த முறையில், எந்த எல்லை வரை தேடினார்கள்? குரோமோசோம் சோதனை இறுதித் தயாரிப்பில் செய்ததா, தொடக்க வங்கியில் மட்டுமா? எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எத்தனை காலம்? செல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள், அதற்குப் பொறுப்பு யார்? சோதனை அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, அந்த எண் என்ன? கடைசியாக, கட்டணம். முறையான மருத்துவச் சோதனையில் ஆய்வுச் சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. பெரும் தொகை கேட்டு, அதே மூச்சில் 'இது ஆராய்ச்சி' என்றும் சொன்னால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாமல் அதன் நகலை வாங்கிக்கொண்டு, அந்த நோய்க்கு வழக்கமாகச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டுங்கள்.